பத்தாயிரம் பங்கு ஆப்ஷன் என்றால் கையில் எவ்வளவு? தென்னாப்பிரிக்க ஸ்டார்ட்அப் வேலைக் கடிதத்தைப் படிக்கும் முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும், திறன் விசாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க்கின் மிட்ராண்ட், சன்னிங்ஹில் பக்கம் குடியேறியவர்களும் ஸ்டார்ட்அப் வேலைக்குப் போகும்போது கையில் வாங்கும் கடிதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மொத்தத் தொகுப்பு ஆண்டுக்கு 9,00,000 ராண்ட். 10,000 பங்கு ஆப்ஷன், 4 ஆண்டு வெஸ்டிங், 1 ஆண்டு கிளிஃப். கூடுதல் நேர வேலைக்கான ஊதியம் சம்பளத்திலேயே அடக்கம்.

இந்த மூன்று வரிகளையும் பலர் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கணக்கை வைத்தோ, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் உறவினர் சொல்வதை வைத்தோ புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் இங்கே பொருந்தாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின்படி படித்தால், மூன்றில் சம்பளத்துக்கு மட்டும்தான் உறுதியான மதிப்பு உண்டு. அந்தச் சம்பளமும் நிறுவனத்திடம் எத்தனை மாதப் பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

## முதலில் கேட்க வேண்டிய எண்: ரன்வே

ஆள் குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் ஸ்டார்ட்அப் ஆகிவிடாது. வருமானம் செலவை எட்டுவதற்கு முன்பே, முதலீட்டாளர் பணத்தில் வேகமாக வளர முயலும் நிறுவனம்தான் ஸ்டார்ட்அப். கையிருப்பு தீர எத்தனை மாதம் ஆகும் என்பதை ரன்வே என்கிறார்கள்.

கணக்கு எளிது. கையிருப்பு 90 லட்சம் ராண்ட், மாதச் செலவு 11 லட்சம், வாடிக்கையாளரிடமிருந்து மாதம் வருவது 3.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாத நிகரச் செலவு 7.5 லட்சம். 90ஐ 7.5ஆல் வகுத்தால் 12 மாதம்.

ஆனால் அந்த 12 மாதமும் நிம்மதியான மாதங்கள் அல்ல. அடுத்த முதலீட்டுக்குப் பேச்சைத் தொடங்கிப் பணம் வங்கிக்கு வர அரை ஆண்டு பிடிப்பது சாதாரணம். அதனால் 6 மாதம் மீதமிருக்கும்போதே நிறுவனம் இறுகத் தொடங்கும். புதிய ஆள் எடுப்பது நிற்கும், சம்பள உயர்வு தள்ளிப்போகும், விற்பனைக்கு உதவாத வேலைகள் பட்டியலிலிருந்து மறையும்.

தென்னாப்பிரிக்க ஸ்டார்ட்அப்புக்கு இன்னொரு சுமையும் உண்டு. வருமானம் ராண்டில், கிளவுட் (இணையவழி வாடகை சர்வர்) கட்டணமும் மென்பொருள் சந்தாக்களும் பெரும்பாலும் டாலரில். அமேசான் 2020 ஏப்ரலில் கேப் டவுனிலும், மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் தரவு மையப் பகுதிகளைத் திறந்தன. அதனால் தகவல் போய்வரும் நேரம் குறைந்தது. டாலர் கணக்கு மாறவில்லை. ராண்ட் சரிந்தால் ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமலேயே கிளவுட் செலவு ஏறும். பயன்படாத சர்வர்களைத் தேடி நிறுத்தும் வேலை பொறியாளர் தலையில் அடிக்கடி விழுவதற்கு இதுவே காரணம். (2006இல் வெளியான, சர்வரை வாடகைக்குத் தரும் அமேசானின் இசி2 சேவையை உருவாக்கியதே கேப் டவுனில் இருந்த ஒரு குழுதான். இங்குள்ள பொறியாளர் திறமைக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.)

நேர்காணலின் கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ரன்வே எத்தனை மாதம், அடுத்த முதலீட்டுப் பேச்சு எப்போது என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையான நிறுவனர் பதில் சொல்வார். சொல்ல மறுத்தால் அந்த மறுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## 9 லட்சத்தில் கைக்கு வருவது

மொத்தத் தொகுப்பு என்றால் நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் எல்லாம் அதற்குள் அடங்கும். மருத்துவத் திட்டமும் ஓய்வூதிய நிதியும் உண்டென்றால் அவற்றின் தொகையும் அதிலிருந்தே போகும். இந்தியாவின் பிஎஃப் போலத் தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் பொதுவான ஓய்வூதியச் சட்டம் இங்கே இல்லை. சிறிய ஸ்டார்ட்அப்களில் அது பெரும்பாலும் இருக்கவும் இருக்காது. எனவே சேமிப்பைத் தனியாக நீங்களே தொடங்க வேண்டும்.

பிடித்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் மாதம் 75,000 ராண்ட். 2025/26 வரி அட்டவணைப்படி வருமான வரி சுமார் 20,940, வேலையின்மைக் காப்பீடான யுஐஎஃப் 177.12. கையில் சுமார் 53,900. யுஐஎஃப் பிடித்தம் சம்பளத்தில் 1 சதவீதம் என்றாலும், மாதம் 17,712 ராண்டுக்கு மேல் கணக்கிடப்படுவதில்லை. அதனால்தான் அது அவ்வளவு சிறிய தொகை. பின்னால் வேலை போனால் கிடைக்கும் உதவியும் இதே வரம்புக்குள்தான் கணக்கிடப்படும்.

## 45 மணி நேர வரம்பு யாருக்கு?

1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம். இதைப் படித்துவிட்டு "சட்டம் இருக்கிறதே" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஆனால் அதே சட்டம் ஒரு வருமான வரம்பையும் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 அன்று அது ஆண்டுக்கு 2,61,748.45 ராண்ட், அதாவது மாதம் 21,812 ராண்ட் அளவு என்று வைக்கப்பட்டது. அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு வேலை நேர வரம்பு, கூடுதல் நேர ஊதியம், ஞாயிற்றுக்கிழமை ஊதியம், இரவு வேலைப் பாதுகாப்பு எதுவும் சட்டப்படி கிடையாது. மென்பொருள் பொறியாளர் அநேகமாக எல்லாருமே அந்த வரம்பைத் தாண்டியவர்கள். கடிதத்தின் மூன்றாவது வரி செல்லுபடியாவது இதனால்தான்.

வரம்பைத் தாண்டினாலும் பறிபோகாதவை சில உண்டு:

1. ஆண்டு விடுப்பு: தொடர்ந்து 21 நாள், அதாவது வாரம் 5 நாள் வேலைக்கு 15 வேலை நாள்.
2. நோய் விடுப்பு: 3 ஆண்டுச் சுற்றுக்கு 30 நாள். முதல் 6 மாதத்தில் மட்டும் 26 நாள் வேலைக்கு 1 நாள்.
3. முன்னறிவிப்பு: முதல் 6 மாதம் வரை 1 வாரம், 6 மாதம் முதல் ஓராண்டு வரை 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம்.
4. ஆட்குறைப்பு இழப்பீடு: முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 1 வாரச் சம்பளம்.

விடுப்பில் நம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்று. தென்னாப்பிரிக்காவின் 12 பொது விடுமுறைகளில் தீபாவளி இல்லை, தைப்பூசமும் இல்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அலுவலகத்தை மூடி, அந்த நாட்களை ஆண்டு விடுப்பில் கழிக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. விடுப்பு நாள் குறித்து இருவரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவு செய்யும் உரிமை முதலாளிக்கே என்கிறது சட்டம். 15 நாளில் பாதி டிசம்பரில் போய்விட்டால், காவடிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்வரவும் மீதம் சொற்பம். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பிளாக் ஃபிரைடே விற்பனைக்கான பரபரப்பு மாதங்களும்கூட. சேரும்போதே இந்த நாட்களைக் கடிதத்தில் எழுதி வாங்குவது நல்லது.

## ஆன்-கால் பொறுப்பு

இரவில் சேவை நின்றால் எழுந்து சரிசெய்யும் முறைவேலைக்கு ஆன்-கால் என்று பெயர். 4 பொறியாளர் உள்ள குழுவில் 4 வாரத்துக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். ஒருவர் விலகினால் 3 வாரத்துக்கு ஒருமுறை. சட்டம் கைகொடுக்காத இடம் இது. ஆன்-கால் படி, இரவு எழுந்தால் மறுநாள் தாமதமாக வரும் உரிமை எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

பணப் பரிமாற்றத் துறை ஸ்டார்ட்அப்களில் சுமைக்கு ஒரு நாட்காட்டியே இருக்கிறது. பலருக்குச் சம்பளம் வரும் 25ஆம் தேதி, மாதக் கடைசி, அரசு உதவித்தொகை வரும் மாத முதல் வாரம், நவம்பரில் வரும் பிளாக் ஃபிரைடே. இந்த நாட்களுக்கு முந்தைய நாள் புதிய நிரலை வெளியிடாமல் இருப்பதே பாதி பிரச்சினையைத் தவிர்க்கும்.

மீதிப் பாதி பெரும்பாலும் தரவுத்தள மாற்றத்தில் வருகிறது. புதிய நிரல் வெளியாகும் சில நிமிடங்களுக்குப் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு நெடுவரிசையை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ பழைய பதிப்பு உடனே விழும். பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று பார்த்தால் அது தேடும் நெடுவரிசையே இருக்காது. பெரிய நிறுவனத்தில் இதைத் தடுக்கத் தனி ஆள் இருப்பார், ஸ்டார்ட்அப்பில் நீங்கள்தான். சரியான வரிசை இது:

1. புதிய நெடுவரிசையைக் காலியாகச் சேருங்கள். பழைய நிரல் அதைக் கண்டுகொள்ளாது.
2. பழையது, புதியது இரண்டிலும் எழுதும் நிரலை வெளியிடுங்கள்.
3. பழைய தரவைச் சிறு சிறு தொகுதிகளாக நகர்த்துங்கள். ஒரே கட்டளையில் நகர்த்தினால் அட்டவணை பூட்டிக்கொள்ளும்.
4. புதியதிலிருந்து மட்டும் படிக்கும் நிரலை வெளியிட்டுச் சில நாள் பாருங்கள்.
5. அதன் பிறகே பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசியாக நெடுவரிசையை நீக்குங்கள்.

மின்சாரமும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டில் ஒவ்வொரு நிலைக்கும் 1,000 மெகாவாட் குறைக்கப்படும். 6ஆம் நிலை என்றால் 6,000. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் இந்த வெட்டு நின்றிருந்தது, 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது, பிப்ரவரியில் 6ஆம் நிலையையும் தொட்டது. ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 10 முதல் 12 வாட்தான் இழுக்கும். 32 வாட்-மணி கொண்ட சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். கைபேசி இணையத்தை மட்டும் நம்பக் கூடாது. வெட்டுக்கும் வெட்டுக்கும் இடைவெளி குறையும்போது கோபுர பேட்டரிகள் முழுதாக ஏற நேரம் இருக்காது, கோபுரமே அணைந்துவிடும்.

## ஆப்ஷன்: 6 லட்சம் எப்படி 88,500 ஆகிறது

ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. இன்று குறித்த விலையில் பிற்காலத்தில் பங்கு வாங்கும் உரிமை. 4 ஆண்டு வெஸ்டிங் என்றால் அந்த உரிமை 4 ஆண்டில் சிறிது சிறிதாகச் சேரும். 1 ஆண்டு கிளிஃப் என்றால் முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றுமில்லை.

10,000 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. மொத்தப் பங்கு எத்தனை என்பதுதான் கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

1. நிறுவனத்தின் மொத்தப் பங்கு 10 லட்சம், உங்களுக்கு 10,000. அதாவது 1 சதவீதம். வாங்கும் விலை பங்குக்கு 5 ராண்ட்.
2. அடுத்தடுத்து இரண்டு முறை முதலீடு வருகிறது. ஒவ்வொரு முறையும் முதலீட்டாளர் 20 சதவீதம் பெறும்படி புதிய பங்குகள் வெளியிடப்படுகின்றன. 10 லட்சம் 12.5 லட்சமாகி, பிறகு 15,62,500 ஆகிறது. உங்கள் பங்கு 0.64 சதவீதம்.
3. அந்த முதலீட்டாளர்கள் மொத்தம் 4 கோடி ராண்ட் போட்டிருக்கிறார்கள். நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை அவர்களுக்கு உண்டு. அது வேண்டாம் என்றால் தங்கள் சதவீதத்துக்கு உரியதை எடுக்கலாம்.
4. 4 ஆண்டு கழித்து நிறுவனம் 6 கோடிக்கு விற்பனையாகிறது. முதலீட்டாளரின் 36 சதவீதத்துக்கு 2.16 கோடிதான் வரும். அதனால் அவர்கள் முன்னுரிமையைப் பயன்படுத்தி 4 கோடியை எடுத்துக்கொள்கிறார்கள்.
5. மீதி 2 கோடி, மற்ற 10 லட்சம் பங்குக்கும் பிரிகிறது. பங்குக்கு 20 ராண்ட். உங்களுக்கு 2,00,000. வாங்கும் விலை 50,000 போக ஆதாயம் 1,50,000.
6. சம்பளம் இன்னும் 9 லட்சம் என்றால் இந்த ஆதாயத்துக்கு 41 சதவீத வரி, 61,500. கையில் 88,500 ராண்ட்.

"6 கோடியில் 1 சதவீதம், 6 லட்சம்" என்று மனதில் போட்ட கணக்கு இப்படித்தான் கரைகிறது. 4 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 22,125. ஆப்ஷனைக் காட்டி மாதச் சம்பளத்தில் 5,000 ராண்ட் குறைக்கச் சொன்னால் ஆண்டுக்கு 60,000 விட்டுக்கொடுக்கிறீர்கள். நிறுவனம் மிகப் பெரிய விலைக்குப் போனால் கணக்கு தலைகீழாகும்தான். 1999இல் தாட் (Thawte) என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அமெரிக்காவின் வெரிசைனுக்கு 57.5 கோடி டாலருக்கு விற்பனையானது இந்த மண்ணில்தான். ஆனால் வீட்டு வாடகையை அப்படி ஒரு விற்பனையை நம்பி எழுத முடியாது.

ஆறாவது படியில் உள்ள வரிதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. வருமான வரிச் சட்டத்தின் 8சி பிரிவு, வேலையின் பொருட்டுக் கிடைத்த பங்கின் ஆதாயத்தை மூலதன ஆதாயமாகப் பார்க்காமல் சம்பளம் போலவே பார்க்கிறது. மூலதன ஆதாயம் என்றால் தனிநபருக்கு அதிகபட்சம் 18 சதவீதம். 8சி என்றால் 45 சதவீதம் வரை. ஆப்ஷன் கொடுத்த நாளில் வரி இல்லை. பங்கைத் தடையின்றி விற்கக்கூடிய நிலை வரும் நாளில், அன்றைய சந்தை மதிப்பிலிருந்து நீங்கள் கொடுத்த விலையைக் கழித்து வரி. கடிதத்தில் உள்ள நாலாண்டு வெஸ்டிங்குக்கும் இந்த வரி நாளுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

ஆபத்து எங்கே? தடை நீங்கிவிட்டது, ஆனால் வாங்க ஆளில்லை என்ற நிலையில். தாளில் மட்டும் மதிப்பு இருக்கும், வரியோ ரொக்கமாகக் கட்ட வேண்டும். நிறுவனம் வருவாய்த் துறையான சார்ஸிடம் உத்தரவு பெற்று உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கும். எனவே நிறுவனம் விற்கப்படும்வரை பங்கின் மீதான தடை நீடிக்குமா என்று திட்ட விதிகளில் தேடுங்கள். இங்கே தடை நீடிப்பதுதான் உங்களுக்கு நல்லது.

விலகும்போது என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் பார்க்க வேண்டும். சேர்ந்த உரிமையைப் பயன்படுத்த 90 நாள் போன்ற கெடு இருக்கலாம். தானாக விலகுபவரின் சேர்ந்த உரிமையையும் பறிக்கும் விதி சில திட்டங்களில் உண்டு. அப்படிப்பட்ட ஆப்ஷனுக்குச் சுழியம் என்றே மதிப்புப் போட வேண்டும்.

## எழுதும் நிரலும் அடுத்த வேலையும்

வேலையின் போக்கில் எழுதியது நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். சொந்த முயற்சி ஏதேனும் இருந்தால் சேரும் முன்பே எழுத்தில் தனியாகப் பிரித்து வையுங்கள், நிறுவனக் கணினியில் அதைத் தொடாதீர்கள். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடை விதியை "நீதிமன்றத்தில் நிற்காது" என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1984இல் மேக்னா அலாய்ஸ் வழக்கில் வந்த தீர்ப்புப்படி அது செல்லும். நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

## நிறுவனம் தடுமாறும்போது

சம்பளம் சில நாள் தாமதமாவதே முதல் அறிகுறி. அதை நட்புக்காகப் பொறுத்துக்கொண்டு மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தவருக்குச் சட்டம் தருவது மிகக் குறைவு. நிறுவனம் கலைக்கப்பட்டால், நிலுவைச் சம்பளத்தில் அதிகபட்சம் 3 மாதத்துக்கு 12,000 ராண்ட் வரைதான் முன்னுரிமை. விடுப்புக்கு 4,000, ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 12,000. மாதம் 75,000 வாங்கியவர் மீதித் தொகைக்கு மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். சம்பள நிலுவைக்கு சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்தின் எளிய வழியும் வருமான வரம்பைத் தாண்டியவருக்கு இல்லை. தொழிலாளர் நீதிமன்றம் போன்றவற்றுக்குத்தான் போக வேண்டும். ஒரு மாதச் சம்பளம் வராதபோதே எழுத்தில் கேட்டு, வேறு வேலை தேடத் தொடங்குவதில் எந்தத் துரோகமும் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், மரியாதையாக இருக்கும்" என்றால் சம்மதிக்காதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு யுஐஎஃப் உதவித்தொகை கிடையாது, ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை.
2. ஆட்குறைப்பு என்றால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி எழுத்தில் அறிவித்துக் கலந்து பேச வேண்டும். காரணம், மாற்று வழி, ஆளைத் தேர்ந்தெடுத்த முறை மூன்றும் அதில் இருக்க வேண்டும். 5 பேர் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.
3. நியாயமற்ற பணிநீக்கம் என்று கருதினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவிடம் போக வேண்டும். இதற்கு வருமான வரம்பு தடையில்லை, கட்டணமும் இல்லை.
4. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு வாழ்நாளில் 5,50,000 ராண்ட் வரை வரி இல்லை; ஓய்வூதியத்திலிருந்து எடுத்த மொத்தத் தொகைகளும் இதே கணக்கில் சேரும். சாதாரணச் சம்பளமாக எண்ணி வரி பிடித்திருக்கிறார்களா என்று சரிபாருங்கள்.
5. நிறுவனம் இன்னொருவர் கைக்கு மாறினால் விதம் என்ன என்று கேளுங்கள். தொழிலை அப்படியே வாங்கினால் 197ஆம் பிரிவுப்படி உங்கள் வேலையும் சேவைக் காலமும் தானாக அங்கே போகும். வெறும் நிரலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் வாங்கினோம் என்று சொன்னால், உண்மையில் தொழிலே கைமாறியதா என்பதைச் சட்ட ஆலோசகரிடம் காட்டுவது பயன் தரும்.
6. கதவு மூடும் முன் யுஐஎஃப் உதவிக்கான யுஐ-19 படிவம், ஐஆர்பி5 வரிச் சான்று, பணிச் சான்றிதழ், ஆப்ஷன் ஒப்பந்த நகல் நான்கையும் சொந்த மின்னஞ்சலுக்கு வாங்கிவிடுங்கள். கலைப்பு அதிகாரி வந்தபின் இவற்றைத் தேடித் தர அலுவலகத்தில் ஆளிருக்காது.
7. விசாவில் இருப்பவர்கள், அதன் நிபந்தனையில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று ஆட்குறைப்புப் பேச்சு தொடங்கும் அன்றே பாருங்கள். இருந்தால் அடுத்த நிறுவனத்துக்கு மாறும் முன் நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தின் 4 வாரம் அதற்குப் போதாமல் போகலாம் என்பதால், அதை 8 வாரமாக்கித் தரும்படி இழப்பீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம்.